ஏசி ‘திடீரென்று’ நின்றதை அரபியில் சொல்வது எப்படி?

“மெஷின் பஃக்தத்தன் நின்றுவிட்டது” என்று அரபியில் சொன்னேன். வாய்க்குக் கொண்டுபோன பேரீச்சம்பழத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார் அந்தப் பெரியவர். சிரிப்பு அடங்கவே நேரமானது. அப்புறம் உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: “எல்லாரும் வாங்க, நம்ம ஏசிக்குக் கியாமத் வந்துருச்சாம்!”

2006ஆம் வருடம். ஏசி மெக்கானிக்காக ஜித்தா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அதிராம்பட்டினத்து மதரஸாவில் பதினோரு வயதில் குர்ஆன் ஓதி முடித்தவன் நான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரையும் போல எனக்கும் அரபி ஓதத் தெரியும், பேசத் தெரியாது. எழுத்துக் கூட்டி வேகமாக வாசிப்பேன். பொருள் கேட்டால் முழிப்பேன். சவூதிக்குப் போன பிறகு, ஓதின வார்த்தைகளையே எடுத்து விட்டுப் பார்ப்போமே என்று ஒரு துணிச்சல் வந்தது. பஃக்தத்தன் என்றால் திடீரென்று. தமிழ் மொழிபெயர்ப்பில் பார்த்து வைத்திருந்தேன். பொருள் தப்பில்லை. ஆனால் குர்ஆனில் அந்தச் சொல் வரும் 13 இடங்களிலும் கியாமத் என்ற மறுமை நாளோ இறைவனின் தண்டனையோதான் யாரும் நினையாத நேரத்தில் வந்து இறங்கும். நம் வீட்டுக்கு வரும் எலெக்ட்ரீசியன், “அம்மா, நும் மின்விசிறி கண்ணிமைப் பொழுதில் மாண்டது” என்று சொன்னால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கிறது அவருக்கு.

“ஃபஜ்ஆ வகஃப். இவ்வளவுதான் சொல்லணும், மகனே” என்றார். ஃபஜ்ஆ, திடீரென்று, வகஃப், நின்றது. வகஃப் போர்டில் வரும் அதே வகஃப்தான். சொத்தை நிறுத்தி வைப்பதும் ஏசி நிற்பதும் அங்கே ஒரே சொல்.

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இலக்கணம் சொல்லிக் கொடுத்தவர். நான் அவரை ‘அம்மி’ என்று கூப்பிடுவேன். அம்மிக்கல் இல்லை, வாப்பாவின் உடன்பிறந்தவரைக் கூப்பிடும் முறை அது, பெரியவர்கள் யாரையும் அப்படி அழைக்கலாம். அடுத்த பன்னிரண்டு வருடத்தில் அவர் வீட்டு ஏசி எத்தனை தடவை ரிப்பேர் ஆனதோ அத்தனை தடவை எனக்கு அரபிப் பாடம் நடந்தது. சில சமயம் ஏசியில் ஒன்றுமே இருக்காது. ஃபில்டரில் தூசி தட்டிவிட்டு உட்கார்ந்து கஹ்வா, அரபிக் காப்பி, குடிப்போம்.

அரபி பேசப் பழகுகிறவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது இந்தத் ‘திடீர்’ சொற்களைத்தான் என்பது என் அனுபவம். வளைகுடாவில் நாம் எல்லோரும் முதல் மூன்று மாதத்தில் ஓர் அரபி பிடித்துவிடுவோம். “அனா மாஃபி மாலூம்” (எனக்குத் தெரியாது), “ஃபுலூஸ் மாஃபி” (காசு இல்லை), “புக்ரா ரூஹ்” (நாளைக்குப் போறது). கேம்ப் அரபி. அதை நான் கேலி செய்ய மாட்டேன். அதில்தான் ஆயிரக்கணக்கான பேர் கடன் அடைத்துத் தங்கச்சிக்குக் கல்யாணம் முடித்திருக்கிறார்கள். ஆனால் அது மாமூல் விஷயத்துக்குத்தான் ஓடும். (மாமூலும் அரபிதான்.) வழக்கமாக நடப்பது வழக்கமாக நடக்கும்வரை அந்த அரபி போதும். எதிர்பாராதது ஒன்று நடந்தால், ஏணி சறுக்கினால், வீட்டுக்காரர் கோபப்பட்டால், யாராவது நல்ல சேதி சொன்னால், கையில் சொல் இருக்காது. “ஏஷ் ஹாதா?” என்று ஒன்றே ஒன்று, ‘என்ன இது?’. செத்தவர் வீட்டிலும் அதைச் சொல்ல முடியாதே.

அன்று ராத்திரியே ஜித்தாவின் ஷரஃபிய்யா பகுதியில் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். சொல்லும் பொருளும் மட்டும் எழுதுவதாகத்தான் முதலில் யோசனை. அறையிலிருந்த கீழக்கரைக் காக்கா (அண்ணன்) ஒருவர், “பொருளை எழுதாதடா, யாரு சொன்னா, அப்ப என்ன நடந்துச்சுன்னு எழுது” என்றார். அவர் ஐந்தாம் வகுப்பு. அதைவிட நல்ல யோசனையை எனக்கு எந்த அகராதியும் தரவில்லை. ‘ஆச்சரியம்’ என்று தேடினால் அகராதி தஹ்ஷா, அஜப், முஃபாஜஆ என்று வரிசையாக அடுக்கும். எதை எந்த வாயால் சொல்வது என்று சொல்லாது. தஹ்ஷா என்பது திகைத்து நின்றுபோவது. அஜப், புரியாததைக் கண்டு வியப்பது. முஃபாஜஆ, யாராவது உங்களுக்குத் திட்டமிட்டுச் செய்யும் திடீர் விஷயம்: பிறந்தநாள் கேக்கும் முஃபாஜஆதான், முதலாளி விடுமுறையை ரத்து செய்தாலும் முஃபாஜஆதான்.

நோட்டின் முதல் பக்கத்தை ‘அப்படியா?’ என்ற ஒரே சொல் பிடித்துக்கொண்டது. “நிஜமாவா?” என்று கேட்க ஹிஜாஸ்காரர், அதாவது ஜித்தா, மக்கா பக்கத்துக்காரர், “மின் ஜித்?” என்பார். எகிப்துக்காரர் “பி கத்?” சிரியாக்காரர் “அன் ஜத்?” மூன்றிலும் இருப்பது ஒரே ஜித் தான், ‘விளையாட்டில்லை’ என்ற பொருளில். முன்னால் ஒட்டும் இடைச்சொல் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. குவைத்திலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் “ஸிஜ்?” என்றபோது ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்தேன், ஸித்க், உண்மை என்பதன் குவைத் உச்சரிப்பு அது. இதனால் ஒரு லாபம் உண்டு. போனில் முன்பின் தெரியாத குரல் பேசினால் ஏதாவது ஒரு சின்ன ஆச்சரியத்தைச் சொல்லிவிடுவேன். “உங்கள் பில்டிங்கில் இன்று இது மூன்றாவது ஏசி, சார்.” பதிலுக்கு வரும் ‘நிஜமாவா’ எதுவோ, அதை வைத்து எந்த அரபியில் தொடர்வது என்று தெரிந்துவிடும்.

எல்லா ஊருக்கும் பொதுவானது “வல்லா?” அல்லாஹ் மேல் ஆணை என்பதைக் கேள்வித் தொனியில் இழுத்தால் ‘அட, மெய்யாவா?’ தொனியை இறக்கினால் சத்தியம். நான் முதல் வருடம் முழுக்க இறக்கித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். “என் மகனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டது” என்று ஒருவர் சொல்ல, “சத்தியமாக” என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

தொனி தெரியாமல் பட்டதில் பெரியது ‘யா ஸலாம்’. எங்கள் ஃபோர்மேன் எகிப்துக்காரர். ஒருநாள் கேஸ் சிலிண்டரை வேனில் ஏற்ற மறந்துவிட்டேன். ஏன் மறந்தேன் என்று நீளமாக ஒரு காரணம் சொன்னேன். “யா ஸலாம்!” என்றார். பாட்டுக் கேட்கும்போது அவர் தலையை ஆட்டி அதே யா ஸலாம் சொல்வதைப் பார்த்திருக்கிறேனா, பாராட்டுகிறார் என்று நினைத்து, “ஷுக்ரன்” என்றேன். அதற்கப்புறம் அவர் சொன்னதை நோட்டில் எழுதவில்லை. பாராட்டின் யா ஸலாமில் ‘லா’ நீண்டு போய்க்கொண்டே இருக்கும். ‘அடேங்கப்பா, பெரிய காரணம்தான்’ என்ற யா ஸலாம் வெட்டென்று விழும்.

எகிப்துக்காரர்களிடம் இன்னொரு அழகு உண்டு. கெட்ட சேதி கேட்டால் “யா நஹார் இஸ்வித்”, ஐயோ கறுத்த நாளே, என்பார்கள். கறுப்பு என்று வாயால் சொல்லவே அஞ்சுகிறவர்கள் “யா நஹார் அப்யத்” என்பார்கள், வெள்ளை நாளே என்று. பாம்பை ‘நல்லது’ என்று நாம் சொல்வதில்லையா? அந்த ஜாதி.

‘கப்ஸா’ கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சவூதியில் கப்ஸா என்றால் சோறு. இறைச்சியும் மசாலாவும் போட்டு ஒரே தாளாவில், பெரிய தட்டில், வரும். நாங்கள் உதிரிபாகம் வாங்கும் கடைத்தெருவில் சிரியாக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். ஒரு மதியம் அவர் கடைப்பையன் தெருவில் ஓடிக்கொண்டே “கப்ஸா! கப்ஸா!” என்று கத்தினான். யாரோ தர்மச்சோறு கொடுக்கிறார்கள் என்று நானும் என்னோடிருந்த வங்காளியும் எதிர்த்திசையில் ஓடினோம். போய் நின்ற இடம் பலதிய்யா (நகராட்சி) இன்ஸ்பெக்டர்கள் முன்னால். சிரியாவிலும் எகிப்திலும் கப்ஸா என்றால் திடீர்ச் சோதனை, ரெய்டு. அமுக்குவது என்ற வேரிலிருந்து வந்தது. சோற்றின் பெயரையும் அதே வேரில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். இகாமா, அங்கே வசிக்கும் அனுமதி அட்டை, கையில் இருந்ததால் தப்பித்தோம். இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்து, “ஏன் இவ்வளவு அவசரமாக வந்தாய்?” என்று கேட்டதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ஒரு சொல்லைக் கற்றால் அது எந்த ஊரில் என்னவாக இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக ஓடுவதற்கு முன்.

வேலையில் நான் அதிகம் கேட்ட சொல் ‘இத்ஸர்ரஃப்’. எகிப்து வழக்கு. ‘ஏதாவது பண்ணு, எப்படியாவது சமாளி’ என்பதை ஒரே சொல்லில் அடக்கி, பொறுப்பையும் நம் தலையில் கட்டிவிடும். ஸர்ஃப் என்றால் திருப்புவது, மாற்றுவது. காசு மாற்றுகிறவர் ஸர்ராஃப். நம்மூர்ச் சராப் அவர்தான். இலக்கணத்தில் ஒரு சொல்லை மாற்றி மாற்றி உருவாக்குவதும் ஸர்ஃப். சிரியாக்காரர் இதையே “தப்பிர் ஹாலக்” என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஒரு வீட்டில் மய்யித். மாலை ஆறுதல் சொல்ல ஆட்கள் வரவேண்டும், ஹாலில் இரண்டு டன் ஸ்பிளிட் ஏசி நின்றுவிட்டது. அவுட்டோர் யூனிட்டைத் திறந்தால் கம்ப்ரஸர் ம்ம்ம் என்று முனகிவிட்டு டக் என்று ட்ரிப் ஆகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ம்ம்ம், டக். கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் வயிறு உப்பியிருந்தது. அதன் அளவு 35 மைக்ரோஃபாரட். கடைகள் எல்லாம் மாலைதான் திறக்கும். ஃபோர்மேனுக்குப் போன் போட்டேன். “இத்ஸர்ரஃப் யா பாஷ்முஹந்திஸ்” என்று வைத்துவிட்டார். பாஷ்முஹந்திஸ் என்றால் தலைமைப் பொறியாளர். எகிப்துக்காரர் உங்களுக்கு அந்தப் பட்டம் கொடுத்தால் ஏதோ பெரிய சுமை வருகிறது என்று அர்த்தம்.

வேனில் பழைய டப்பாவைக் கொட்டித் தேடினேன். 20இல் ஒன்று, 15இல் ஒன்று கிடைத்தது. இரண்டும் 450 வோல்ட். இரண்டையும் இணையாகச் சேர்த்தால், அதாவது இதன் கால் அதன் காலோடு, மற்றது மற்றதோடு, மதிப்பு கூடும்: 35. பெட்டியில் இரண்டுக்கும் இடமில்லை. ஒன்றைக் கிளிப்பில் மாட்டி, இன்னொன்றை அதன் முதுகில் கேபிள் டை போட்டுக் கட்டி, முனைகளை டேப் சுற்றினேன். சுவிட்ச் போட்டதும் கம்ப்ரஸர் ஒரே மூச்சில் எடுத்தது. மேலே மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுப் பையன் “அத்தாயிர்!” என்றான். பறந்தபடியே என்று அர்த்தம். நின்று நிதானிக்காமல் போகிற போக்கில் செய்து முடித்ததைச் சொல்வது.

சாயங்காலம் கடை திறந்ததும் சரியான கெப்பாசிட்டர் வாங்கி மாட்டிவிட்டேன். ஃபோர்மேன் எதற்கு வேலை மெனக்கெட்டு என்றார். மாட்டாமல் விட்டால் அதற்குப் பெயர் தர்கீஃ, ஒட்டுப்போடுவது. அத்தாயிர் பாராட்டு, தர்கீஃ வசவு. இரண்டுக்கும் நடுவில் ‘பில் பரக்கா’ என்று ஒன்று இருக்கிறது. பரக்கத் என்ற சொல்லை நான் சின்ன வயசில் கேட்டது கந்தூரிச் சோற்றுச் சட்டி குறையாமல் வருவதற்கு. எகிப்துக்காரர் வேலைத்தலத்தில் “இங்கே எல்லாம் பில் பரக்கா ஓடுகிறது” என்றால், திட்டமும் கிடையாது கணக்கும் கிடையாது, ஆண்டவன் புண்ணியத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் புகார் அது.

இதற்கெல்லாம் இலக்கணத்தில் இடம் உண்டா என்று ஒருநாள் அம்மியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அன்று மூன்று மணி நேரம் போனது. அரபி இலக்கணம் பிறந்ததே ஓர் ஆச்சரியத்தில்தான் என்றார். 688 வாக்கில் பஸ்ராவில் இறந்துபோன அபுல் அஸ்வத் அத்துஅலி என்ற அறிஞரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ராத்திரி, மகள் வானத்தைப் பார்த்து, “மா அஹ்ஸனு ஸ்ஸமாயி” என்றாளாம். தகப்பனார், “அதன் நட்சத்திரங்கள்” என்று பதில் சொன்னார். “நான் கேள்வி கேட்கவில்லை வாப்பா, வானத்தின் அழகைப் பார்த்து வியந்தேன்” என்றாள் மகள். “அப்படியானால் மா அஹ்ஸன ஸ்ஸமாஅ என்று சொல்ல வேண்டும்” என்றாராம். ‘அஹ்ஸனு’ என்றால் வானத்தில் எது மிக அழகு என்ற கேள்வி. ‘அஹ்ஸன’ என்றால் வானம் என்ன அழகு! மக்கள் நாவில் இந்த ஈற்றுயிர் குழம்பிப்போவதைப் பார்த்துத்தான் அவர் இலக்கணம் வகுக்க உட்கார்ந்தார் என்று கதை முடியும்.

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. நாம் “என்ன அழகு” என்பதைக் குரலை வைத்துக் கேள்வியாகவும் வியப்பாகவும் ஆக்குவோம். அவர்கள் ஈற்றுக் குறில்களை மாற்றி ஆக்கியிருக்கிறார்கள். இப்போது பேச்சு வழக்கில் அந்த ஈற்றுயிர்கள் உதிர்ந்துவிட்டன. குரல்தான் வேலை செய்கிறது. ஆகவே எழுத்தரபி படித்துவிட்டுத் தெருவுக்கு வருகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு வரவேண்டும்.

முன்தயாரிப்பு இல்லாமல் பேசுவதற்கு அரபியில் இர்திஜால். வேர்ச்சொல் ரிஜ்ல், கால். உட்கார்ந்து யோசித்து எழுதாமல், எழுந்து நின்ற காலோடு பேசிவிடுவது. ‘நின்ற நிலையில் பாடுவது’ என்று நம்மிடமும் உண்டு, ஆசுகவிகளுக்கு. அந்த நொடியில் மனதில் வந்து விழும் புத்திக்குப் பதீஹா. சமயோசிதம் உள்ளவனை ‘ஸரீஉல் பதீஹா’ என்பார்கள். இதற்கும் அம்மியிடம் ஒரு கதை இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் அபூ தம்மாம், கலீஃபா முஃதஸிமின் மகனைப் புகழ்ந்து பாடுகிறார்: வீரத்தில் அம்ரு, கொடையில் ஹாத்திம், பொறுமையில் அஹ்னஃப், மதியில் இயாஸ். சபையிலிருந்த தத்துவ அறிஞர் அல் கிந்தி குறுக்கிட்டார்: “இளவரசர் நீ சொன்னவர்களை எல்லாம்விட மேலானவர். கீழானவர்களோடு ஒப்பிடுகிறாயே?” அபூ தம்மாம் சற்றுத் தலை குனிந்திருந்துவிட்டு அதே சந்தத்தில் இரண்டு அடி சொன்னார்: குறை சொல்லாதீர்கள், இறைவனே தன் ஒளிக்கு அதனினும் சிறிய மாடத்தையும் விளக்கையும்தானே உவமை காட்டினான். கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார்கள். அந்த இரண்டு அடியும் அதில் இல்லை.

இந்தக் குடும்பத்துச் சொற்களில் எனக்கு மிகப் பிடித்தது நாம் தினமும் வாயில் மெல்லும் ‘அஃப்வன்’. ஷுக்ரனுக்குப் பதில். அஃப்வ் என்றால் மன்னிப்பு. கூடவே, சிரமமில்லாமல் தானாக வருவது, மிச்சமாக வழிவது என்ற பொருளும் உண்டு. அதிலிருந்துதான் அஃப்விய்யா, இயல்பாகச் செய்வது, வலிந்து செய்யாதது. சமாளித்துச் செய்யும் காரியத்தில் கொஞ்சம் மன்னிப்பும் கலந்துதான் இருக்கிறது என்று அந்த 35 மைக்ரோஃபாரட் ஞாபகத்தில் நான் நினைத்துக்கொள்வேன். அம்மி இதை ஏற்கவில்லை. “வேரை வைத்துக் கவிதை எழுதாதே, மகனே” என்றார்.

தாயிஃப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏசிக்குக் காவலாக ராத்திரி முழுக்க நிற்க வேண்டியிருந்தபோது கல்தா பார்த்தேன். நம்மூரில் கொடுக்கிற கல்தா இல்லை. இரண்டு கவிஞர்கள் எதிரெதிராக நின்று அந்த இடத்திலேயே கட்டிப் பாடும் போட்டி. லெபனானில் இதன் உறவுக்காரனுக்கு ஸஜல் என்று பெயர். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தாயிஃபில் ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று கை தட்டுகிறார்கள். முதல் கவிஞர் இரண்டு அடி பாடுகிறார். பாட்டுக்குள் ஒரு முடிச்சு இருக்கும். ஒட்டகத்தைப் பற்றிப் பாடுவதுபோல இருக்கும், விஷயம் வேறு. அதற்கு ஃபத்ல் என்று பெயர், கயிறு முறுக்குவது. எதிராளி அதே ராகம், அதே எதுகையில் முறுக்கை அவிழ்க்க வேண்டும், அது நக்த். தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணி கேட்டவர்களுக்கு எரிந்த கட்சி எரியாத கட்சி நினைவு வரும்.

எனக்குப் பாட்டில் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கவிஞர் பாடி முடித்ததும் எதிராளி உடனே பதில் பாடுவதில்லை. வரிசையில் நிற்பவர்கள் அந்த அடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், கை தட்டி, ஆடி அசைந்து. அந்த நேரத்தில் எதிராளி தரையைப் பார்த்தபடி நடக்கிறார். பதில் தயாரானதும் கை தூக்குகிறார், வரிசை அடங்குகிறது. நின்ற காலில் பாடுகிறவனுக்கும் யோசிக்க நேரம் வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கிறது!

மறுநாளிலிருந்து நானும் எனக்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் கோபமாக எதையாவது சொன்னால், அவர் வாக்கியத்தையே மெதுவாக ஒருதரம் திருப்பிச் சொல்வேன். “நேற்று ரிப்பேர் செய்தது, இன்று தண்ணீர் ஒழுகுகிறது, அப்படித்தானே அம்மி?” அப்புறம் “தய்யிப்... வல்லாஹி ஷூஃப்...”, சரி, இதைப் பாருங்கள் என்று ஓர் இழுவை. அதற்குள் இரண்டு மூன்று சொற்கள் வந்து சேர்ந்துவிடும். கேட்பவருக்கும் நாம் விஷயத்தைப் புரிந்துகொண்டோம் என்ற நிம்மதி. பேசப் பழகுகிற யாருக்கும் இதைச் சொல்வேன்: புதுச் சொல் நூறு சேர்ப்பதற்கு முன்னால், நேரம் வாங்கும் சொல் நாலைந்தை நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

2009 நவம்பர் 25, ஹஜ்ஜுக் காலம். அன்று காலை ஜித்தாவில் மழை கொட்டியது. தென்கிழக்கில் குவைஸா பக்கம் வெள்ளம் கார்களை உருட்டிக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் இருந்த தெருவில் தண்ணீர் இடுப்புக்குத்தான், ஆனால் வேன் கதவைத் திறக்க முடியவில்லை. மூன்று வருடமாக நோட்டில் எழுதிச் சேர்த்த ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. “வாப்பா!” என்றுதான் கத்தினேன். எதிர் பில்டிங்கிலிருந்து நாலைந்து இளைஞர்கள் கயிற்றோடு இறங்கினார்கள். ஒருவன் “ஃபஸ்ஆ! ஃபஸ்ஆ!” என்று மற்றவர்களைக் கூப்பிட்டபடியே வந்தான்.

ஃபஸஃ என்றால் பயம், பதற்றம். குர்ஆனில் அந்தப் பொருளில் ஓதியிருக்கிறேன். அரேபியப் பாலைவனத்துப் பேச்சில் ஃபஸ்ஆ என்றால் கூப்பிட்ட குரலுக்கு அந்த நொடியே ஓடிவந்து உதவுவது. பதறுவதும் பதறி ஓடிவருவதும் ஒரே சொல்லில். நமக்கும் ‘பதறிக்கொண்டு ஓடி வந்தான்’ என்று உண்டு. ஆனால் அதற்கு மூன்று சொல் வேண்டியிருக்கிறது. அன்று அதே வெள்ளத்தில் பாகிஸ்தானின் ஸ்வாத்தைச் சேர்ந்த ஃபர்மான் அலி கான் 14 பேரைக் காப்பாற்றிவிட்டு அடுத்தவரைத் தேடிப் போனபோது அடித்துச் செல்லப்பட்டார். ஜித்தாவில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பேச்சு வந்தால் இப்போதும் அங்கே ஃபஸ்ஆ என்ற சொல்லும் கூடவே வரும்.

2014இல் விடுமுறையில் ஊருக்கு வந்தேன். கொல்லையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தேங்காய், காலுக்கு ஒரு முழம் தள்ளி, தொப்பென்று விழுந்தது. “யா ஸாத்திர்!” என்று கத்திவிட்டேன். ஏணி சறுக்கினால், கார் உரசினால் அங்கே எல்லோரும் சொல்வது. மூடிக் காப்பவனே என்று இறைவனைக் கூப்பிடுவது. யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது. திரைச்சீலைக்குச் சொல்லும் ஸித்தாரா, அப்துஸ் ஸத்தார் என்ற பெயரின் ஸத்தார், எல்லாம் அதே வேர்.

அடுப்படியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தார்கள்.

“எந்தச் சத்தாரு? நம்ம தெக்குத் தெருச் சத்தாரா? ஏன் கொல்லப் பக்கமா வர்றாரு? உள்ள கூப்புடு, சாப்புடுற நேரம்.”